ஈரல் மணத்த கிரீடம்

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். உங்களில் பலர் என்னைப் போலவே தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு டென்மார்க்கில் வந்து இறங்கியவர்கள். அம்மா பின்னால் வருவார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஆகையால் அந்த வருடங்களில் நாம் எதற்காகக் காத்திருந்தோம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின் நடுவே, ஒரு வசந்தகாலம் முழுவதும் நான் பிரான்ஸ் தேசத்து அரசனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் சில்க்போர்க் நகரத்தில் இருந்தோம். இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. குசினி யன்னலில் எட்டிப் பார்த்தால் மரங்களுக்கிடையே ஏரியின் ஒரு துண்டு தெரியும். அப்பா காலையில் டேனிஷ் வகுப்புக்கும் வெள்ளி தவிர்ந்த பின்னேரங்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கவும் போவார். அம்மாவும் தம்பியும் கொழும்பில், ஒரு லொட்ஜ் அறையில். நாங்கள் புறப்பட்டபோது தம்பி காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு எல்லைகள் தாண்ட முடியாது என்று அம்மா நின்றுவிட்டார். அங்கிருந்து எப்போதாவது குரல் பதிந்த ஒரு கசற் வரும். அம்மா பேசுவார், இடையில் லொட்ஜின் காற்றாடி கிறீச்சிடும், தம்பி ஏதோ சிங்களச் சொல் சொல்லிச் சிரிப்பான். அவன் நடக்கத் தொடங்கியதையும் அந்தக் கசற்றில் ஓடும் காலடிச் சத்தத்தில்தான் அறிந்தோம். அந்தக் கசற்றுகள் இப்போது ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அகதியாக ஏற்கப்பட்டவரின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேரலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அப்பா விண்ணப்பித்திருந்தார். விசாரித்தபோதெல்லாம் கடிதத்தில் ஒரே பதில்தான் வந்தது, பரிசீலனையில் இருக்கிறதென்று. அப்பாவுக்கு அந்த எழுத்துகளை வாசிக்க அவ்வளவாக வராது. அவர் பார்த்தது தாளின் தலைப்பில் அச்சிட்டிருந்த சின்ன அரச முடியை. முடி போட்ட தாளில் பதில் வந்தால் முடி சூடியவர்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அதனால் குசினிச் சுவரில் இருந்த எங்கள் சாமித் தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் டென்மார்க் ராணியும் இருந்தார். ஒரு வாரப் பத்திரிகையில் வெட்டிய படம், நீலச் சட்டை, நல்ல சிரிப்பு. வெள்ளிக்கிழமைகளில் அப்பா மூவருக்கும் ஊதுபத்தி காட்டுவார். முதல் நாள் சந்தனக் கிண்ணத்தோடு ராணிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"அவ வேதக்காரி. பொட்டு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஒரு பூவை மட்டும் வைத்தார்.

இந்த நிலையில்தான் எங்கள் வகுப்பாசிரியை, பிரான்சில் சனங்கள் தங்கள் அரசனுக்கு எதிராக எழுந்து இருநூறு வருடம் ஆகிறது, அதை நாங்கள் நாடகமாகப் போடப் போகிறோம் என்று அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் அங்கே பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டுப் படியேறும்போது "ரீச்சர்" ஆக்கிவிடுவேன்.

ரீச்சர் புரட்சியைப் பாணில் இருந்து தொடங்கினார். ஒருநாள் இந்த நாட்டுக் கறுப்புப் பாண் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டு வந்து, முன்வரிசையில் இருந்த இரண்டு பேருக்கு ஒரு அடுக்கே கொடுத்தார். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டு. வகுப்பு கொதித்துப் போனது. மேசையில் தட்டினார்கள், ஒரு பெண்பிள்ளை அழுதேவிட்டாள். "பார்த்தீர்களா, இப்படித்தான் தொடங்கியது," என்றார் ரீச்சர். எனக்கு அந்தக் கறுப்புப் பாண் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் எனக்குக் கிடைத்தது காணாது என்று அன்றைக்குக் கோபம் வந்தது. பிடிக்காத பாணுக்கும் ஏன் கோபம் வருகிறது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

யார் யாருக்கு என்ன வேடம் என்று ஒரு கம்பளித் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தோம். எனக்கு அரசன் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் ஆட்சேபிக்கவும் இல்லை. தொப்பியில் வந்தால் வந்ததுதான்.

அரசனைப் பற்றி நான் கேட்காத கேள்வி இல்லை. அவன் கெட்டவனா? அவ்வளவு கெட்டவன் இல்லை, பூட்டுச் செய்வதில் விருப்பமுள்ளவன் என்றார் ரீச்சர். பூட்டுச் செய்யத் தெரிந்தவன் தன் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே? பாணுக்காகப் புறப்பட்ட பெண்கள் மழையில் நடந்து போய் அவனை அரண்மனையிலிருந்து நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால், அவன் ஏன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை? அந்தக் காட்சியை நாங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு தூறலில் ஒத்திகை பார்த்தோம். பெண்பிள்ளைகள் சட்டி மூடிகளைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நனைந்த கம்பளிக் கையுறைகளின் மணம். நான் நடுவில் குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்தேன்.

பிறகு அரசன் குடும்பத்தோடு வண்டியில் தப்பி ஓடுகிறான். எல்லைக்குக் கிட்ட வைத்து அவனை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். நாணயத்தில் இருந்த முகத்தை வைத்துத்தான் பிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டாம். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நானும் அப்பாவும் எத்தனையோ எல்லைகளில் முகத்தைக் காட்டி நின்றிருக்கிறோம். எங்களை ஒருவருக்கும் தெரியாததால் நாங்கள் தப்பினோம், எல்லோருக்கும் தெரிந்ததால் அவன் பிடிபட்டான்.

கிரீடத்தை வகுப்பிலேயே செய்தோம். பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடுகிற பன்றி ஈரல் கலவை, அலுமினியத் தட்டுகளில் வரும் அல்லவா, அந்தத் தட்டுகளைக் கழுவி வெட்டி ஒட்டியது. பளபளவென்று நல்லாய்த்தான் இருந்தது. எத்தனை தரம் கழுவியும் ஈரல் மணம் மட்டும் போகவில்லை.

அதை நான் தலையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா ஊதுபத்தியோடு நின்றார்.

"இதென்ன பிள்ளை தலையிலை? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் ஈரல் மணக்குது!"

"கிரீடம் அப்பா. நாடகத்திலை நான்தான் ராசா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ராசாவோ? வெள்ளைப் பிள்ளையளுக்கை என்ரை பிள்ளை ராசாவோ?"

"ஓம். கடைசியிலை என்ரை தலையை வெட்டுவினம்."

"ஆர் வெட்டுறது?"

"சனம்."

அப்பா ராணியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிரீடத்தை என் தலையிலிருந்து எடுத்து, சாமித் தட்டிலிருந்து தள்ளி, அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

அன்று பின்னேரமே மேல்வீட்டு மாமா இறங்கி வந்தார். தனியாக வந்து சேர்ந்த மனிதர். அவரும் மனைவிக்காக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் கட்டடத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். பெரும்பாலும் அது பயப்படுத்தும் பதிலாக இருக்கும்.

"அண்ணை, இவங்கள் எல்லாத்தையும் எழுதி வைப்பாங்கள். அகதியாய் வந்தவன்ரை பிள்ளை அரச குடும்பத்துக்கு எதிரா நாடகம் ஆடினதாம் எண்டு ஒரு வரி போதும். உங்கடை பேப்பரை அப்பிடியே மூடிப்போடுவாங்கள்."

"நான் ராசாதானே மாமா," என்றேன் நான். "வெட்டுறது மற்றவை."

மாமா கொஞ்சம் யோசித்தார். "வெட்டுப்படுற ராசாவாய் நிக்கிறதும் மரியாதை இல்லை," என்றார்.

என்னை நாடகத்திலிருந்து விலக்குவதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்கு நாடகம் போய்விடுமோ என்று ஒரு பயம், நாடகத்தால் அம்மா வராமல் போய்விடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒரு பிள்ளை அலுமினியக் கிரீடம் வைத்தால் அது கொழும்பில் இருக்கிற தாயைத் தடுக்குமா என்று இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது மூன்று பேரும் அதை முழுமனதாக நம்பினோம். காரணம் தெரியாமல் காத்திருக்கிறவர்களுக்கு எதுவும் காரணமாகத் தெரியும்.

அடுத்த கிழமை அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரீச்சர் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மொழிபெயர்க்க வேறு யார் இருந்தார்கள்? அந்த நாட்களில் வைத்தியரிடமும் நகரசபையிலும் நம் எல்லோருடைய தகப்பன்மாருக்கும் நாம்தானே வாய்.

"சொல்லு பிள்ளை, எங்களுக்கு ராணியோடை ஒரு கோபமும் இல்லை எண்டு. அவவை மதிக்கிறம் எண்டு சொல்லு. இந்த நாடகத்திலை இருந்து எங்களை விடச் சொல்லு."

சொன்னேன். ரீச்சர் சிரிக்கத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ராணிக்கும் உங்கள் வீட்டுக்கும் என்ன என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவை, லொட்ஜை, தாளில் இருந்த முடியை, ஊதுபத்தியை.

"ராணி எதையும் தீர்மானிப்பதில்லை," என்றார் ரீச்சர் மெதுவாக. "சட்டங்களுக்குக் கையெழுத்து வைப்பார். வருடக் கடைசியில் தொலைக்காட்சியில் பேசுவார். உன் அம்மாவின் விண்ணப்பத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்."

"அப்பா, ராணியாலை ஒண்டும் ஏலாதாம்," என்றேன்.

அப்பா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவர் முகத்தில் தெரிந்தன. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப ஆர்?" என்றார்.

"அமைச்சர். அவருக்குக் கீழே உள்ள அலுவலகம்."

"அவரை அங்கை ஆர் வைச்சது?"

"நாங்கள்தான்," என்றார் ரீச்சர். "வாக்குப் போட்டவர்கள்." சொல்லி முடித்ததும் அவருடைய கழுத்து மெல்லச் சிவந்தது. "நான் அந்தக் கட்சிக்குப் போடவில்லை," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அதையும் நான் மொழிபெயர்த்தேன்.

அப்பாவுக்கு நாடகத்தைத் தடுக்க வேறு காரணம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ராணியின் படத்தை எடுத்து, "பாவம், அவவுக்கு என்ன தெரியும்," என்று சொல்லி, கசங்காமல் ஒரு பேப்பரில் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். தட்டில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அமைச்சரின் படத்தை வைப்போமா என்று நான் கேட்டேன். என்ன நடந்ததென்று கேட்க வந்திருந்த மேல்வீட்டு மாமா பதறி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் நாடகம் நடந்தது. ரப்பர் விரிப்பும் வேர்வையும் கோப்பியும் சேர்ந்து மணந்தன. தகப்பன்மாரும் தாய்மாரும் மரவாங்குகளில் இருந்தார்கள். அப்பா கழுத்துப்பட்டியோடு மூன்றாவது வாங்கில் இருந்தார். பாண், சட்டி மூடி, வண்டியில் ஓட்டம் எல்லாம் ஒழுங்காகப் போயின. அப்பா நல்ல இடங்களில் கை தட்டினார்.

பிறகு ரீச்சர் முன்னால் வந்தார். அரசனுக்கு என்ன தண்டனை என்று அங்கே மக்களின் சபைதான் வாக்கெடுத்துத் தீர்மானித்தது, இங்கே நீங்கள்தான் சபை என்றார். அரசன் சாக வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். முன் வாங்கு முழுவதும் உயர்ந்தது. அப்பா இடமும் வலமும் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னை நோக்கிச் சிரித்தபடி, மடிப்புக் கலையாமல் அழுத்திய சட்டைக் கையை நன்றாக மேலே உயர்த்தினார். கிரீடத்தோடு நின்ற நான் அதைப் பார்த்தேன். மண்டபத்தில் அவருடைய கைதான் எல்லாவற்றிலும் உயரமாக நின்றது.

அடுத்த காட்சியில் அரசன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் விடைபெறுகிறான். எனக்கு மகனாக வந்த சின்னப் பெடியன் என் காலைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அவன் நன்றாகவே அழுதான். அப்பாவுக்குச் சொல் விளங்கவில்லை, காட்சி விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கையால் கழுத்தை வெட்டிக் காட்டிக் கேட்டார். அந்தப் பெண் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவருடைய கையைத் தொட்டு மேலே உயர்த்திக் காட்டினார். அதற்குப் பிறகு என் தலைக்குப் பதிலாக ஒரு முட்டைக்கோவா கூடைக்குள் விழுந்ததையும் எல்லோரும் சிரித்துக் கை தட்டியதையும் அப்பா பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

வீடு திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஏரிப்பக்கம் வெயில் இன்னும் இருந்தது.

"நான் கேட்டிருக்கலாம் பிள்ளை, என்னத்துக்குக் கை உயர்த்தினம் எண்டு," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பிறகு என்ன நடந்தது, அவனை வெட்டினவைக்கு?" என்று கேட்டார்.

"பிறகு அவை ஆளுக்காள் வெட்டிச்சினம். வெட்டச் சொன்னவரையும் கடைசியிலை வெட்டினவை."

"அது எனக்குத் தெரியும்," என்றார் அப்பா. ஊரில் விடுதலை இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்ட கதைகளை அவர் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் அம்மாவும் தம்பியும் வந்தார்கள். எப்படித் திடீரென்று வழி திறந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. விமான நிலையத்தில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, வளர்ந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டான். அவன் வாயில் "அப்பா" வர ஒரு பனிக்காலம் முழுவதும் எடுத்தது. அந்தக் கிரீடத்தையும் அவன்தான் விளையாடி நசுக்கி எங்கேயோ தொலைத்தான்.

சில வருடங்கள் கழித்து ஒரு தை மாதம், அரசாங்கம் விழுந்தது. என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். குடும்பத்தைக் கூப்பிடச் சட்டத்தில் இருந்த நம்முடைய உரிமையை ஒரு அமைச்சர் கிடப்பில் போடச் சொன்னார். விண்ணப்பங்கள் அலுவலகத்தில் அடுக்கியபடியே கிடந்தன. நீதிபதி ஒருவர் விசாரித்து அது சட்டத்துக்கு மாறானது என்று எழுதினார், பிரதமர் பதவியை விட்டார். செய்தியைக் கேட்டதும் அப்பா எழுந்து யன்னலுக்குப் போனார்.

"வெளியிலை சனம் ஒண்டையும் காணேல்லை," என்றார். "ஒரு அரசாங்கம் விழுந்திருக்கு. ஒருத்தன் சைக்கிளிலை போறான், ஒருத்தி நாயைக் கொண்டு போறா."

எனக்கும் அதே ஆச்சரியம்தான். சட்டி மூடி இல்லை, கூடை இல்லை. ராணி தன் இடத்திலேயே இருந்தார். இப்படியும் ஒரு கவிழ்ப்பு உண்டா என்று ரீச்சரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது.

அம்மா மட்டும் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் கந்தோரிலை எத்தினையோ பேர் வேலை செய்திருப்பினம். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லையோ?" என்றார்.

"மேலையிருந்து சொன்னால் கீழை இருக்கிறவை என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

நாடகக் கதையை, அம்மா வந்து சேர்ந்த கிழமையே நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அம்மா கோபப்படவில்லை. தேத்தண்ணியை அப்பாவின் பக்கமாக நகர்த்திவிட்டு, "பிள்ளையின்ரை தலைக்கு நீங்கள் கையை உயர்த்தின மாதிரித்தான்," என்றார்.

அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்திருந்தார். கேட்டவர்களும் அந்த அலுவலகத்தில் சிலர் இருந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

அந்த வருடமே உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் சில வருடம் இங்கே வாழ்ந்தவர்கள் அதில் வாக்குப் போடலாம். அப்பாவுக்கும் அட்டை வந்தது. வாக்குச்சாவடி என் பழைய பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம். அதே ரப்பர் மணம், அதே வாங்குகள். அம்மாவும் தம்பியும் நானும் வாசலில் நின்றோம். மேல்வீட்டு மாமா முதலில் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் போடுகிறவருக்குத்தான் என்றார்.

பிறகு அப்பா கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். மறைப்புச் சீலைக்குக் கீழே அவருடைய சப்பாத்து இரண்டும் தெரிந்தன. பின்னால் வந்த டேனிஷ்காரர்கள் பக்கத்து மறைப்புகளுக்குள் போனார்கள், வந்தார்கள், போனார்கள். அப்பாவின் சப்பாத்து அசையவில்லை. மேசையில் இருந்த உத்தியோகத்தர் எழுந்து போய், உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அப்பா டேனிஷில் பதில் சொன்னது வாசல்வரை கேட்டது. தம்பி பசியில் சிணுங்கத் தொடங்கினான்.

வெகுநேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். நெற்றியில் வேர்வை.

"இஞ்சாருங்கோ, வாக்குச்சீட்டிலை ஒரு புள்ளடி கீற இவ்வளவு நேரமோ?" என்றார் அம்மா.

"அதிலை இருந்த பேரெல்லாம் வாசிச்சனான்," என்றார் அப்பா. "கேளாமல் கை உயர்த்தி, இந்த மண்டபத்திலை முந்தி ஒருக்கால் என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டன்."

அம்மா அவருடைய கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டார். தம்பி, "அப்பா, பசிக்குது," என்றான்.